வெயிலுக்கும் வெள்ளத்துக்கும் ஒரே இடம்

கேள்வி இது: "உலகத்து நகரங்கள் பருவநிலை மாற்றத்துக்கு ஏற்றபடி தெரு, பூங்கா, மைதானம் எல்லாவற்றையும் மாற்றி அமைக்கின்றன என்று படிக்கிறேன். கேரளத்தில் பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை மாதிரி ஊர்களுக்கு அதில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? எங்கள் வார்டில் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் இண்டர்லாக் கல் பதித்து அழகுபடுத்தப் போகிறார்களாம். அது நல்லதா?"

எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. மழைத்தண்ணீர் வந்து நிற்க ஓர் இடம் வேண்டும், வெயிலில் மனிதர் நிற்க ஓர் இடம் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே நிலத்தில் ஏற்பாடு செய்ய முடியும் என்று கடந்த பதினைந்து வருடங்களில் பல நகரங்கள் செய்து காட்டிவிட்டன. அதற்கு முதலில் வேண்டியது கட்டடம் எழும்பாத, கல்லால் மூடப்படாத பொது நிலம். அந்த நகரங்கள் பெரும் பணம் கொட்டி அதை மீட்டெடுக்க வேண்டியிருந்தது. நம் பக்கம் அது இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. உங்கள் வார்டின் காலி இடத்தை நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

முதலில் நம் நிலைமை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வரும் காற்று மார்கழி, தை மாதங்களிலேயே மண்ணைக் காய வைக்கத் தொடங்கிவிடும். மாசி, பங்குனியில் வறண்ட வெயில்; சித்திரையில் அதோடு புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டி, வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கை கொடுத்தது. அதே ஊர்தான் 2018 ஆகஸ்டில், மலம்புழா அணையின் ஷட்டர்களைத் திறந்தபோது, கல்பாத்திப் புழை கரை மீறித் தாழ்ந்த பகுதிகளில் புகுந்ததையும் பார்த்தது. கிழக்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறை வந்தால் கேரளத்தின் மற்ற இடங்களோடு ஒப்பிடவே முடியாத அளவு மழை குறைவு. சித்தூர் பிளாக்கின் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்படுகிறது என்று மத்திய நிலத்தடி நீர் வாரியமே 2017 கணக்கெடுப்பில் குறித்திருந்தது. கோக்கக் கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சியதை எதிர்த்துப் பிளாச்சிமடைப் போராட்டம் நடந்த மண்ணில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆக, நமக்கு வெயிலும் வெள்ளமும் தண்ணீர்ப் பஞ்சமும் தனித்தனிப் பிரச்சினைகளாக வருவதில்லை. ஒரே வருடத்தில், ஒரே பஞ்சாயத்தில், மாறி மாறி வருகின்றன.

தண்ணீர்ப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். இதில் எல்லோரும் படிக்க வேண்டிய நகரம் டென்மார்க்கின் கோபன்ஹேகன். 2011 ஜூலை 2 அன்று அங்கே இரண்டே மணி நேரத்தில் சுமார் 150 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நமக்கு அது ஒரு கனமழை நாள். அவர்களுக்கு அது பேரிடர். அடித்தளங்களில் தண்ணீர் புகுந்தது, சாக்கடை மேலே வந்தது, சேதம் பல நூறு கோடி குரோனர். அடுத்த வருடமே நகராட்சி ஒரு மேகவெடிப்புத் திட்டம் போட்டது. நிலத்தடிக் குழாய்களை மட்டும் பெரிதாக்கினால் என்ன செலவு, தெருவையும் பூங்காவையும் சேர்த்துக்கொண்டால் என்ன செலவு என்று இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தெருவும் பூங்காவும் சேர்ந்த வழிதான் மலிவு என்று வந்தது. சுமார் 300 சிறிய, பெரிய வேலைகளை இருபது வருடத்தில் முடிப்பதென்று முடிவாயிற்று.

அந்த வேலைகளில் ஒன்று எங்ஹாவே பூங்கா. பழைய பூங்காதான். அதன் ஒரு பகுதியைத் தாழ்த்தி, மூன்று பக்கமும் உட்காரும் உயரத்துக்குத் தாழ்வான சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சாதாரண நாளில் அது பிள்ளைகள் விளையாடும் இடம், பெரியவர்கள் உட்காரும் திண்டு. பெருமழை வந்தால் அதே சுவர் கரையாகிவிடும். பூங்கா முழுவதும் சுமார் 22,600 கன மீட்டர் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதாவது இரண்டே கால் கோடி லிட்டருக்கும் மேல். மழை நின்ற பிறகு மெல்ல வடிய விடுவார்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 2013-ல் திறந்த பெந்தம் சதுக்கத்திலும் இதே யோசனைதான்: மூன்று பள்ளங்கள், அவற்றில் ஆழமானது பந்து விளையாடும் களம், மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 17 லட்சம் லிட்டர் பிடிக்கும்.

இதைப் படிக்கும்போது சித்தூர்க்காரர்களுக்குப் புதிதாக ஏதாவது தோன்றுகிறதா? நம் ஏரிகள் செய்துவந்த வேலை இதுதான். கம்பாலத்தறை, வெங்கலக்கயம் போன்ற ஏரிகளும் அவற்றை இணைக்கும் வாய்க்கால்களும் மழையையும் ஆழியாற்றுத் தண்ணீரையும் பிடித்து, வயலுக்கும் கிணற்றுக்கும் கொடுத்தன. கரையில் மரம், மரத்தடியில் ஆட்கள், கோடையில் நீர் வற்றிய பகுதியில் மேய்ச்சல், பிள்ளைகளின் ஆட்டம். ஒரே நிலம் பருவத்துக்கு ஒரு வேலை பார்த்தது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் பக்கத்துக்கு வருடம் 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். அது வரும் வருடங்களிலும், பிடித்து வைக்கும் ஏரியும் வரத்து வாய்க்காலும் தூர்ந்து கிடந்தால் பயன் பாதிதான். வாய்க்கால் ஓரத்தை வளைத்துக் கட்டிய ஒவ்வொரு மதில் சுவரும் அந்தக் கணக்கில் கழிவுதான்.

சிங்கப்பூரை ஒரு காரணத்துக்காகச் சொல்ல வேண்டும். பிஷான் பூங்காவை ஒட்டி 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோட்டில் ஒரு கான்கிரீட் கால்வாய் ஓடியது. 2012-ல் அதை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றிப் பூங்காவோடு சேர்த்துவிட்டார்கள். மழை இல்லாத நாளில் மக்கள் ஓரம் வரை இறங்கலாம். நீர் ஏறும்போது எச்சரிக்கும் விளக்கும் சங்கொலியும் வைத்திருக்கிறார்கள். நாம் இன்றும் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கிறோம். ஓடை என்றால் இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், அடியில் கான்கிரீட் தளம், மேலே ஸ்லாப் என்பதே எஸ்டிமேட்டின் வழக்கம். தண்ணீர் வேகமாகப் போய்விடும் என்பது உண்மை. ஆனால் அது கீழே இருக்கிற அடுத்த வார்டுக்கு வேகமாகப் போகிறது. மேலே இருக்கிற கிணற்றுக்கு ஒரு சொட்டும் இறங்குவதில்லை.

எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. சீனா 2013-க்குப் பிறகு பஞ்சு நகரம் என்ற பெயரில் மழைநீரை உறிஞ்சும் பூங்காக்கள், நீர் இறங்கும் நடைபாதைகள் என்று நாடு முழுக்கச் செலவழித்தது. அப்படிச் செலவழித்த ஜெங்ஜோ நகரத்தில் 2021 ஜூலை 20 அன்று ஒரு மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் மழை. சுரங்க ரயிலுக்குள்ளேயே பயணிகள் மூழ்கி இறந்தார்கள். பூங்காவும் புல்வெளியும் சாதாரணப் பெருமழையைத் தாங்கும். அதற்கு மேல் வந்தால் ஆட்களை வெளியேற்றும் ஏற்பாடுதான் காப்பாற்றும். இதை மறைத்துவிட்டுப் பசுமைத் திட்டம் பேசுவது சரியில்லை.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீர் இறங்கும் தரை போட்டால் போதும் என்று எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து எழுதுகிறார்கள். சித்தூர் தாலுக்காவில் கரிசல் மண் இருக்கிறது. கேரளத்தில் வேறெங்கும் இப்படி இல்லை. நனைந்தால் உப்பி இறுகிவிடும் அந்த மண்ணில் தண்ணீர் இறங்க நெடுநேரம் ஆகும். அங்கே உறிஞ்சு குழியைவிட மேலேயே பிடித்து வைக்கும் பள்ளம், குட்டை, ஏரிதான் பயன் தரும். செம்மண் பகுதியில் உறிஞ்சு குழி நன்றாக வேலை செய்யும். அதனால் பஞ்சாயத்து எஞ்சினியரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த இடத்தில் ஒரு முழம் தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்களா என்பது.

இனி வெயில். என் அனுபவத்தில் ஊராட்சிகள் வெள்ளத்தைப் பற்றி யோசிக்கும் அளவில் பத்தில் ஒரு பங்குகூட வெயிலைப் பற்றி யோசிப்பதில்லை. வெள்ளம் கண்ணுக்குத் தெரியும். வெயிலால் இறந்தவரை மாரடைப்பு என்று எழுதிவிடுவார்கள். ஆமதாபாத்தில் 2010 மே மாதம் வெப்பம் 46.8 டிகிரி வரை போனது. பிறகு இறப்புப் பதிவுகளை எடுத்து முந்தைய வருடங்களோடு ஒப்பிட்டபோதுதான், அந்த ஒரு மாதத்தில் மட்டும் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்திருப்பது தெரிந்தது. அதன் விளைவாக 2013-ல் அந்த மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. தெற்காசியாவில் அதுதான் முதல். எச்சரிக்கை நாட்களுக்கு நிறம் வைத்தார்கள், ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், குடிநீர் வைக்கும் இடங்களைக் கூட்டினார்கள். பின்னால் குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசினார்கள். கட்டடம் எதுவும் கட்டவில்லை. ஆனாலும் உயிர்கள் பிழைத்தன என்று பிற்பாடு வந்த ஆய்வு சொன்னது.

வெள்ளைக் கூரையைப் பற்றி நம் ஊருக்கு ஏற்ற திருத்தம் ஒன்று உண்டு. கூரையில் பூசுவது சுண்ணாம்புதான். நம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையிலும் துலா (வடகிழக்குப் பருவ) மழையிலும் நனைந்து பாசி பிடித்து அடுத்த வருடமே கறுத்துவிடும். வருடா வருடம் மாசியில் மறுபடி பூச ஏற்பாடு இருந்தால் மட்டுமே அதில் இறங்க வேண்டும். மொட்டை மாடிக்கு மேல் ஷீட் போடுவது நம் பக்கம் ஏற்கெனவே பழக்கம். நான்கு பக்கமும் காற்றோட்டம் விட்டு உயரமாகப் போட்டால், ஸ்லாப் மேல் நேர் வெயில் விழாமல் அதுவும் நன்றாகவே காக்கிறது. அடைத்துக் கட்டினால் உள்ளே அடுப்புதான்.

நிழலுக்கு வருவோம். பாலக்காட்டில் ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் உச்சி நேரத்துச் சூரியன் ஏறக்குறைய நேர் மேலே நிற்கும். அந்த நேரத்தில் கட்டடத்தின் நிழல் கட்டடத்தின் காலடியிலேயே முடிந்துவிடும். தெருவில் நடப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. தலைக்கு மேலே விரிந்த ஒன்று வேண்டும்: மரம், பந்தல், நீண்ட தாழ்வாரம். ஸ்பெயினின் செவில் நகரத்தில் கடைத்தெருவுக்குக் குறுக்கே துணிப் பந்தல் கட்டும் பழக்கம் இன்றும் இருக்கிறது. பிற்பகலில் மேற்கு வெயில்தான் கொல்லும். அதனால் பஸ் நிறுத்தம் மேற்குப் பார்த்து இருந்தால் அதன் முன்னால் மரம் வேண்டும், அல்லது மேற்குப் பக்கம் காற்றுப் போகும் தட்டி வேண்டும். இதெல்லாம் யோசிக்காமல் ஸ்டீல் குழாயும் பளபளக்கும் ஷீட்டும் வைத்துக் கட்டிய நிறுத்தங்களில், ஆட்கள் உள்ளே உட்காராமல் பக்கத்து மரத்தடியில் நிற்பதை எந்தச் சாலையிலும் பார்க்கலாம்.

மரம் என்றால் எந்த மரமும் இல்லை. வேம்பு, புங்கன், அரசு, ஆல், நாவல், ஓடைக்கரையில் மருது. இவை குடையாக விரியும், இலைவழியே நீராவி விட்டுச் சுற்றுக்காற்றையும் குளிர்விக்கும். வரிசையாக நடும் அலங்காரப் பனைகள் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். அதன் நிழலில் ஓர் ஆள் நிற்க முடியாது. (நம் கரிம்பனையைச் சொல்லவில்லை. அதன் இடம் வரப்பு.) கொலம்பியாவின் மெடயின் நகரம் 2016 முதல் 18 சாலை ஓரங்களிலும் 12 ஓடைக்கரைகளிலும் மொத்தம் 30 பசுமை வழிகளை உண்டாக்கியது. அந்தப் பகுதிகளில் வெப்பம் சுமார் 2 டிகிரி குறைந்ததாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பிடித்த விஷயம், வேலை இல்லாத ஏழைக் குடும்பத்து ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே தோட்டக்காரர்களாக வைத்தது. சியோலில் ஓர் ஓடையை மூடி அதன் மேல் மேம்பாலச் சாலை போட்டிருந்தார்கள். 2005-ல் சாலையை எடுத்துவிட்டு 5.8 கிலோமீட்டர் ஓடையைத் திறந்தார்கள். பக்கத்து இணைச் சாலையைவிட அங்கே 3.3 முதல் 5.9 டிகிரி வரை குளுமை.

உங்கள் பஸ் நிறுத்தத்துக் காலி இடத்தில் நீர்ப்புகை தெளிக்கும் விசிறி வைக்கலாமா என்று கேட்பார்கள். தை, மாசியின் வறண்ட கிழக்குக் காற்றில் அது வேலை செய்யும். சித்திரைப் புழுக்கத்தில் காற்று ஏற்கெனவே ஈரமாக இருக்கும். வேர்வையே உலராத நேரத்தில் மேலும் ஈரம் தெளிப்பதில் லாபமில்லை. தண்ணீர் தட்டுப்பாடான ஊரில் அந்தப் பணத்தை மரத்துக்குப் போடலாம்.

இனி இண்டர்லாக் கல். மழைக்காலத்தில் சேறு இல்லை, சக்கர நாற்காலி ஓடும், பார்க்கச் சுத்தமாக இருக்கும். அதனால் மக்களும் கேட்கிறார்கள். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அடியில் கான்கிரீட் போட்டு இடுக்கெல்லாம் அடைத்துப் பதித்தால் அது முழு மூடல். பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்திருந்து ராத்திரி எட்டு, ஒன்பது மணி வரை கக்கும். மரத்தின் அடி வரைக்கும் பதித்துவிடுவார்கள். நாலைந்து வருடத்தில் மரம் காயும். உங்கள் இடத்துக்கு என் யோசனை: பஸ் ஏறி இறங்கும் பாதைக்கும், சக்கர நாற்காலி போகும் வழிக்கும் மட்டும் கல், அதுவும் மணல் படுகையில், இடுக்கு விட்டு. மீதி இடத்தை ஓர் அடி, ஒன்றரை அடி தாழ்த்தி, பக்கத்துக் கட்டடங்களின் கூரைத் தண்ணீர் அங்கே வரும்படி வாட்டம் கொடுங்கள். மிகுதியானால் ஓடைக்குப் போக ஒரு வழிவும் வேண்டும். நடுவில் ஆல்தரை மாதிரி ஒரு மேடை கட்டி, அதைச் சுற்றி விரியும் மரங்கள் நடலாம். மேடைச் சுவரே உட்காரும் திண்டு. ஒரு நாளைக்கு மேல் தண்ணீர் தேங்காதபடி வாட்டம் சரியாக இருந்தால் கொசுவும் வராது. செலவு முழுக் கல் பதிப்பதைவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்பில்லை.

அந்த இடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். இளநீர் விற்பவர், ஆட்டோக்காரர்கள், வேலந்தாவளம் சந்தைக்குக் காய் ஏற்றிப் போகிறவர்கள், வேலைக்கு ஆள் எடுக்கும் லாரிக்காகக் காலையில் நிற்கும் வெளிமாநிலத் தொழிலாளிகள். அழகுபடுத்தல் என்றவுடன் முதலில் போகிறவர்கள் இவர்கள். பிறகு அங்கே ஒரு வேலியும், சாயங்காலம் மட்டும் திறக்கும் கேட்டும் வரும். மதியம் பன்னிரண்டு மணிக்குப் பூட்டிக் கிடக்கும் பூங்கா வெப்பத்துக்கு எதிராக ஒன்றும் செய்யாது. கேரளத் தொழிலாளர் துறை கோடையில் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை செய்யக்கூடாது என்று வருடா வருடம் உத்தரவு போடுகிறது. நல்ல உத்தரவு. ஆனால் அந்த மூன்று மணி நேரம் கஞ்சிக்கோட்டுக் கட்டட வேலைக்காரர் எங்கே போய் உட்காருவார்? வேலைத்தளத்துத் தகரக் கொட்டகையிலா?

பார்சிலோனா 2020 முதல் நூலகம், பள்ளி, அருங்காட்சியகம் போன்ற ஏற்கெனவே இருக்கும் கட்டடங்களைக் குளிர்ச்சிப் புகலிடம் என்று பலகை மாட்டித் திறந்து வைக்கிறது. நடந்து போகும் தூரத்தில் ஒன்று இருக்க வேண்டும் என்பது அவர்கள் குறி. கேரளத்தில் இதற்கு ஒரு செங்கல்லும் புதிதாக வைக்க வேண்டாம். 1945-ல் தொடங்கிய கிரந்தசாலா (நூலக) இயக்கம் ஊருக்கு ஊர் வாசகசாலை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. பெரும்பாலானவை சாயங்காலம்தான் திறக்கும். மார்ச் முதல் மே வரை மதியம் திறந்து, ஒரு ஃபேனும் பானைத் தண்ணீரும் கழிப்பறையும் இருந்தால் போதும். 2023-ல் அரசு அறிவித்த தண்ணீர்ப் பந்தல்களை இவற்றோடு சேர்த்தே வைக்கலாம்.

பள்ளிக்கூட முற்றங்களில் பாரிஸ் செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன். 2003 வெப்ப அலையில் பிரான்சில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். அந்த அடிக்குப் பிறகு பாரிஸ் நகராட்சி தன்னிடம் இருந்த பொது நிலத்தைக் கணக்கெடுத்தது. 700-க்கும் மேற்பட்ட பள்ளி முற்றங்கள், எல்லாம் தார் போட்டு மூடியவை. 2018 முதல் ஒவ்வொன்றாகத் தாரை உடைத்து, மண்ணும் மரமும் நிழலும் கொண்டுவந்து, சில முற்றங்களைப் பள்ளி இல்லாத நேரத்தில் அக்கம்பக்கத்தாருக்கும் திறந்துவிடுகிறார்கள். நம் பள்ளி முற்றங்களோ இப்போதுதான் மண்ணிலிருந்து கல்லுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. தாரை உடைக்க அவர்கள் செலவழிக்கும் பணத்தை நாம் கல் போடாமல் இருந்தே மிச்சப்படுத்தலாம்.

திட்டமிடல் விஷயத்தில் கேரளத்தில் கைவசம் ஒரு பலமான சட்டம் இருக்கிறது: 2008-ன் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம். அதன்படி எந்தெந்த வயல், எந்தெந்த நீர்நிலம் என்று ஒவ்வொரு பஞ்சாயத்திலும் டேட்டா பேங்க் என்ற பட்டியல் இருக்க வேண்டும். அதைத் தயாரிக்கும் உள்ளூர்க் குழுவில் பஞ்சாயத்துத் தலைவர் தலைமை, கிருஷி ஆபீசர் (வேளாண்மை அதிகாரி) கன்வீனர். 2018 திருத்தத்துக்குப் பிறகு, பட்டியலில் இல்லாத வயலைக் கட்டணம் கட்டி வகை மாற்ற வழி வந்துவிட்டது. ஆகவே பட்டியலில் விடுபட்டுப் போன தாழ்நிலம் எது என்று பார்ப்பது அவசர வேலை. பெருமழை பெய்யும் நாளில் குடையோடு வார்டைச் சுற்றி, தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த வழியாகப் போகிறது என்று ஒரு தாளில் வரைந்துவிட்டு, அந்தத் தாளையும் டேட்டா பேங்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருக்கும் இடத்தில்தான் நாளைக்கு வீடு மூழ்கும்.

2018, 2019 வெள்ளங்களுக்குப் பிறகு கேரளத்தின் உள்ளாட்சிகள் தங்களுக்கென்று பேரிடர் மேலாண்மைத் திட்டங்கள் தயாரித்தன. உங்கள் பஞ்சாயத்தின் திட்டத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். மலையாளத்தில் இருக்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் மலையாளம் பேசுவார்கள், படிக்க மாட்டார்கள். வெப்ப எச்சரிக்கையும் அணை திறக்கும் அறிவிப்பும் தமிழிலும், வெளிமாநிலத் தொழிலாளிகளுக்காக இந்தியிலும் வங்காளத்திலும் வர வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட வையுங்கள். மொழிச் சிறுபான்மையினர் பகுதியில் இதைக் கேட்பது நம் உரிமை.

அதே கிராம சபையில் பராமரிப்பையும் கேளுங்கள். மரம் நடத் தொழிலுறப்பில் (கிராம வேலை உறுதித் திட்டத்தில்) ஆள் கிடைக்கும். முதல் மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையையும் அதே எஸ்டிமேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். தாழ்த்திய பள்ளத்தின் வழிவில் பிளாஸ்டிக் அடைக்காமல் இடவப்பாதிக்கு முன்னால் ஒரு தடவை, துலா மழைக்கு முன்னால் ஒரு தடவை சுத்தம் செய்ய குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனையிடமோ, பெண்கள் சுய உதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் யூனிட்டிடமோ கூலி பேசி எழுதி வாங்குங்கள். இந்த இரண்டும் எழுத்தில் வராத எஸ்டிமேட்டுக்குக் கை தூக்க வேண்டாம்.